காணாமல் போன உபுண்டு: இரட்டை இயங்குதளக் கணினியில் சங்கிலி எங்கே அறுகிறது?

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியை அணைத்துப் பிடித்தபடி வந்து நின்றான். முகம் சரியில்லை. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஒரே கணினியில் விண்டோசையும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவையும் வைத்திருந்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அதை எடுத்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவியிருக்கிறான். நிறுவல் நன்றாகவே முடிந்திருக்கிறது. ஆனால் அதன் பிறகு கணினியைப் போட்டால் நேராக விண்டோஸ்தான் வருகிறது. எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும் அந்தக் கருப்புத் திரை வருவதே இல்லை.

“உபுண்டு போய்விட்டது மாமா. கடையில் காட்டினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் என்கிறார்கள். என் புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது.”

கணினியை அணைத்து மறுபடி போட்டேன். தயாரிப்பாளரின் சின்னம் தோன்றியதும் எஃப்12 விசையை விடாமல் தட்டினேன். சிறிய பட்டியல் ஒன்று வந்தது. முதல் வரியில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’. இரண்டாவது வரியில் ‘உபுண்டு’. அம்புக்குறியை ஒரு படி இறக்கி என்டரைத் தட்டியதும் பழைய கருப்புத் திரை வந்தது. அதன் வழியே உபுண்டு வந்தது. அவனுடைய புராஜெக்ட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

எல்லோருக்கும் இவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. ஆனாலும் நான் பார்த்தவரை இப்படி ‘போய்விட்ட’ இயங்குதளங்களில் பெரும்பாலானவை எங்கும் போயிருப்பதில்லை. ஒன்றைப் புதிதாக நிறுவும்போது, மற்றொன்றுக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கும். எந்தக் கண்ணி என்று பார்க்காமல் கண்ட கட்டளைகளை அடிப்பதிலும், பதறிப்போய் எல்லாவற்றையும் அழிப்பதிலும்தான் உண்மையான இழப்பு நேர்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் நிலைபொருள் (ஃபர்ம்வேர்). அது ஒரு சிறிய நிரலைத் தேடிப் பிடித்து அதனிடம் பொறுப்பைக் கொடுக்கும். அந்தச் சிறிய நிரல்தான் பூட் லோடர்: லினக்சில் பெரும்பாலும் கிரப், விண்டோசில் பூட் மேனேஜர். அது தன் பங்குக்கு இயங்குதளத்தின் கருவைத் தேடி நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு கண்ணிக்கும் தெரிந்திருக்க வேண்டியது அடுத்த கண்ணியின் முகவரி மட்டுமே. புதிய நிறுவல் குழப்புவதும் இந்த முகவரிகளைத்தான்.

நிலைபொருளின் பழைய வடிவமான பயாஸ் முறையில் இந்த முகவரிக்குக் கிடைத்த இடம் மிகக் குறுகலானது. வன்தட்டின் முதல் துண்டு 512 பைட். அதற்கு எம்பிஆர் என்று பெயர். 1983-இல் வந்த டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு. அந்த 512-இல் 64 பைட், வன்தட்டைப் பிரித்த பகுதிகளான பார்ட்டிஷன்களின் அட்டவணைக்குப் போய்விடும். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு பேருக்கு இடம். முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குக்கு மேல் கூடாது என்று அந்த நாளில் மண்டையைப் பிய்த்துக்கொண்டோமே, அதன் காரணம் இதுதான். கடைசி 2 பைட் முத்திரை. மீதமுள்ள 446 பைட்டில்தான் பூட் நிரல் உட்கார வேண்டும். இந்தப் பத்தியை அப்படியே சேமித்தால்கூட அதற்குள் அடங்காது.

இவ்வளவு சிறிய இடத்துக்குள் கிரப் எப்படி நுழையும்? தலையை மட்டும் அங்கே வைத்துவிட்டு, உடம்பை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் இடைவெளியில் ஒளித்துக்கொள்ளும். மெனு, படங்கள், கூடுதல் கூறுகள் எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனில் ஒரு கோப்புறைக்குள் இருக்கும்; அதுதான் அதன் வீடு. மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோசின் நிறுவி அந்தக் காலத்தில் யாரையும் கேட்காமல் முதல் துண்டில் தன் நிரலை எழுதிவிடும். கிரப்பின் தலை போய்விடும். உடம்பும் வீடும் அப்படியே இருக்கும். இதைச் சிலர் மைக்ரோசாஃப்ட்டின் சதி என்பார்கள். எனக்கு அது அலட்சியமாகத்தான் தோன்றுகிறது: இந்தக் கணினியில் வேறொருவரும் குடியிருக்கக்கூடும் என்ற எண்ணமே அதை எழுதியவர்களுக்கு இருக்கவில்லை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. இரட்டை இயங்குதளம் என்பதைப் பல மாணவர்கள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். விண்டோஸ் மெதுவாகிவிட்டது என்று அதை மறுபடி போட்டவர்கள், பாஸ் மறைந்துபோன காரணம் தெரியாமலே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இன்றைய கணினிகளில் பயாஸ் இருந்த இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது. பேச்சு வழக்கில் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம். இன்டெல் தன் இட்டேனியம் செயலிகளுக்காகத் தொடங்கியது, 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த பொது அமைப்பின் கைக்குப் போனது. இந்த முறையில் 446 பைட் நெருக்கடி கிடையாது. வன்தட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று தனியாக ஒரு சிறு பகுதி. விண்டோஸ் நிறுவும்போது பெரும்பாலும் 100 எம்பி அளவில் உருவாகும். ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் சத்திரத்து அறைகள் போல வரிசையாகக் கோப்புறைகள்: மைக்ரோசாஃப்டுக்கு ஒன்று, உபுண்டுவுக்கு ஒன்று, யாரும் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ள ‘பூட்’ என்று பொதுவாக ஒன்று. இவற்றுக்குள் யார் யார் இருக்கிறார்கள், யாரை முதலில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் வன்தட்டில் இருக்காது. தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் இருக்கும்.

அக்கா மகனுக்கு நேர்ந்தது இதனால்தான் சிறிய விஷயமாக முடிந்தது. புதிய விண்டோஸ் தன் அறையில் தன் கோப்புகளை வைத்துக்கொண்டு, பட்டியலில் தன் பெயரை முதலில் எழுதியது. உபுண்டுவின் அறையை அது தொடவில்லை. எஃப்12 காட்டியது அந்தப் பட்டியலைத்தான். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். வரிசையை நிரந்தரமாக மாற்ற பயாஸ் அமைப்புப் பக்கத்தில் ‘பூட்’ என்ற தலைப்பின் கீழ் போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் போதும். சில மடிக்கணினிகளின் நிலைபொருள் மட்டும் இங்கே அடம்பிடிக்கும். என்ன வரிசை கொடுத்தாலும் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற பெயரைத்தான் முதலில் எழுப்பும். நிலைபொருளை எழுதியவரின் சோம்பேறித்தனத்தைத் தவிர இதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. அப்படிப்பட்ட கணினியில் விண்டோசுக்குள் போய், அந்தப் பெயருக்கு நேராக உள்ள கோப்பு முகவரியை உபுண்டுவின் கோப்பைக் காட்டும்படி மாற்றிவிடும் குறுக்குவழி உண்டு.

உபுண்டுவின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் கதை கொஞ்சம் நீளும். பெரும்பாலும் விண்டோஸ் நிறுவியின் அந்த ஒரு திரையில்தான் தவறு நடந்திருக்கும். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டு அது பார்ட்டிஷன்களை வரிசையாகக் காட்டும். பழைய விண்டோசைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவர், 100 எம்பிதானே, அதுவும் விண்டோசுடையதுதானே என்று இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் சேர்த்து அழித்துவிடுவார். சத்திரமே இடிந்துவிட்டது. விண்டோஸ் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அதில் உபுண்டுவுக்கு அறை இருக்காது. அப்போதும் உபுண்டுவின் சொந்தப் பார்ட்டிஷன், அதில் உள்ள கோப்புகள், எதற்கும் சேதமில்லை. அறையை மறுபடி போட்டுக்கொடுத்தால் போதும்.

அதற்குப் பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, நிறுவாமல் ‘டிரை’ என்ற தேர்வின் வழியாக உள்ளே போக வேண்டும். இந்த இடத்தில் நான் பலமுறை பார்த்த ஒரு சறுக்கல் இருக்கிறது. எஃப்12 பட்டியலில் பென் டிரைவின் பெயர் சில சமயம் இரண்டு முறை வரும், ஒன்றில் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்றில் இருக்காது. முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் பென் டிரைவ் பழைய பயாஸ் முறையில் எழும். அங்கிருந்து தாய்ப்பலகையின் பட்டியலைத் தொட முடியாது. செய்யும் சிகிச்சையெல்லாம் வேறு நோய்க்கானதாகிவிடும். சரியான முறையில்தான் வந்திருக்கிறோமா என்று பார்க்க எளிய வழி: ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘இஎஃப்ஐ’ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அடுத்துச் செய்வதெல்லாம் கூடு விட்டுக் கூடு பாய்வது. வன்தட்டில் உள்ள உபுண்டு பார்ட்டிஷனை ஓர் இடத்தில் ஏற்றி, புதிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதன் ‘பூட்’ கோப்புறைக்குள் உள்ள ‘இஎஃப்ஐ’ என்ற இடத்தில் பொருத்தி, கணினியின் சாதனங்களைக் காட்டும் மூன்று சிறப்புக் கோப்புறைகளையும் அழியா நினைவகத்தின் மாறிகள் இருக்கும் கோப்புறையையும் இணைத்து, ‘சிஎச்ரூட்’ கட்டளையால் அந்தப் பழைய உபுண்டுவுக்குள் நுழைய வேண்டும். அதன் பிறகு, கட்டளை அடிக்கும் டெர்மினல் தன்னைப் பென் டிரைவ் என்று நினைக்காது. வன்தட்டில் இருக்கும் உபுண்டுவாகவே நடந்துகொள்ளும். அங்கே கிரப்பை நிறுவும் கட்டளை ஒன்று, மெனுவைப் புதுப்பிக்கும் கட்டளை ஒன்று, இரண்டே வரி. வெளியே வருமுன் எந்தப் பார்ட்டிஷனை எங்கே பொருத்த வேண்டும் என்று குறித்துவைக்கும் உபுண்டுவின் எஃப்ஸ்டேப் கோப்பில் இஎஃப்ஐ பார்ட்டிஷனின் அடையாள எண்ணையும் மாற்ற வேண்டும். பழையது அழிந்து புதியது பிறந்ததால் எண் மாறியிருக்கும். இதை மறந்தவர்களுக்கு மெனு அழகாக வரும். உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் 90 விநாடி இல்லாத பார்ட்டிஷனுக்காகக் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நிற்கும். சரிசெய்தது வீணாகிவிட்டது என்று அந்த இடத்தில் மனம் உடைகிறவர்கள் உண்டு. ஒரே ஒரு வரிதான் பாக்கி.

பூட்-ரிப்பேர் என்ற கருவி இவற்றையெல்லாம் ஒரே சொடுக்கில் செய்து தரும். மோசமில்லை. ஆனால் அது என்ன செய்தது என்று தெரியாமல் இருப்பதில் எனக்கு விருப்பமில்லை; அதன் அறிக்கையை முதலில் எடுத்துப் படித்துவிட்டு, சொடுக்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

திசை மாறி வரும் விபத்தும் உண்டு. லினக்ஸ் இனி வேண்டாம் என்று விண்டோசுக்குள்ளிருந்தே அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடுகிறார்கள். மறுநாள் கணினியைப் போட்டால் விண்டோசும் வரவில்லை. கருப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற இரண்டு சொற்களும், துடிக்கும் ஒரு கோடும். கிரப்பின் தலையும் உடம்பும் எழுந்துவிட்டன, வீட்டைத்தான் காணவில்லை. மெனு எங்கே, விண்டோஸ் எங்கே என்ற விவரமெல்லாம் அந்த வீட்டுக்குள் இருந்தவை. பழைய எம்பிஆர் கணினிகளில் இது லினக்சை அழிக்காமலேகூட நேரும். அவற்றில் ஐந்தாம் எண்ணிலிருந்து தொடங்கும் பார்ட்டிஷன்களில் இடையில் ஒன்றை நீக்கினால், அதற்குப் பின்னால் உள்ளவை ஒவ்வொரு எண் இறங்கிவிடும். ஏழாம் எண் வீட்டைத் தேடிப் போன கிரப், அது ஆறாம் எண்ணாகிவிட்டது தெரியாமல் தெருவில் நிற்கும்.

அந்தத் திரை பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அங்கே கிரப்புக்குத் தெரிந்த கட்டளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ‘எல்எஸ்’ என்று அடித்தால் கண்ணில் படும் வன்தட்டுகளையும் பார்ட்டிஷன்களையும் அடைப்புக்குறிக்குள் காட்டும். வன்தட்டுகளைப் பூஜ்யத்திலிருந்தும் பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்தும் எண்ணும் விசித்திரக் கணக்கு அதனுடையது. ஒவ்வொன்றாக ‘எல்எஸ்’ போட்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பலவற்றுக்கு ‘தெரியாத கோப்பு முறைமை’ என்று பதில் வரும். ஒன்றில் மட்டும் ‘பூட்’, ‘ஹோம்’, ‘யூஎஸ்ஆர்’ என்று தெரிந்த பெயர்கள் வரிசையாக வரும். வீடு கிடைத்துவிட்டது. அந்த முகவரியை ‘செட்’ கட்டளையால் ‘பிரீஃபிக்ஸ்’, ‘ரூட்’ என்ற இரண்டுக்கும் கொடுத்து, ‘இன்ஸ்மாட்’ கட்டளையால் ‘நார்மல்’ என்ற கூறினை ஏற்றி, ‘நார்மல்’ என்று அடித்தால் பழைய மெனு வந்துவிடும். அது அந்த ஒரு முறைக்கு மட்டும். உள்ளே போய் கிரப்பை மறுபடி நிறுவினால்தான் நிலைக்கும். லினக்சை உண்மையிலேயே அழித்துவிட்டவர்களுக்கு இந்த வழி உதவாது. யூஇஎஃப்ஐ கணினி என்றால் எஃப்12 வழியாக விண்டோசுக்குள் போய்விடலாம். பழைய பயாஸ் என்றால் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவின் பழுதுபார்ப்புப் பகுதியில் ‘பூட்ரெக்’ கட்டளையால் எம்பிஆரை மறுபடி எழுத வேண்டும். யூஇஎஃப்ஐ கணினியில் அதே கட்டளையை அடித்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று குழம்புகிறவர்கள் ஏராளம். அங்கே பயன்படுவது ‘பிசிடிபூட்’.

இரண்டு லினக்ஸ்களை ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் விண்டோசைத் திட்ட முடியாது. லினக்ஸ் மின்ட் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ‘உபுண்டு’ என்ற அதே பெயரில்தான் அறை எடுக்கும். உபுண்டுவுக்குப் பக்கத்தில் மின்ட்டை நிறுவினால் பின்னால் வந்தவர் முன்னவரின் கட்டிலில் படுத்துக்கொள்வார்.

கிரப் மெனு வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை என்பது இன்னொரு புலம்பல். 2021-இல் வந்த கிரப் 2.06-இல், பிற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து அதை எழுப்பி, மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் பட்டியலில் வந்துவிடும்.

எந்த இயங்குதளத்தையும் மறுபடி நிறுவாமலே சங்கிலி அறுந்ததும் ஒருமுறை நடந்திருக்கிறது. செக்யூர் பூட் என்ற ஏற்பாட்டில், கையெழுத்திட்ட பூட் லோடரை மட்டுமே நிலைபொருள் அனுமதிக்கும். அதற்காக லினக்ஸ்காரர்கள் மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்து பெற்ற ‘ஷிம்’ என்ற சிறு நிரலை வாசலில் நிறுத்தி, அதன் பின்னால் கிரப்பை வைக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்பு, ஓட்டை உள்ள பழைய பூட் லோடர்களைத் தடைசெய்யும் ‘எஸ்பேட்’ என்ற புதிய விதியைத் தாய்ப்பலகையில் எழுதியது. இரட்டை இயங்குதளக் கணினிகளை விட்டுவிடுவோம் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. விட்டுவிடவில்லை. காலையில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது, ‘எஸ்பேட்’ சோதனை தோற்றது என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்சுக்குள் போய் ‘மோக்யூடில்’ கட்டளையால் அந்த விதியை நீக்கிவிட்டுத் திரும்ப இயக்கியவர்கள் தப்பித்தார்கள். லினக்சையே மறுபடி நிறுவியவர்களும் இருந்திருப்பார்கள்.

பழுதுபார்க்க உட்காருமுன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுவது என் வழக்கம்: வன்தட்டைக் குறியாக்கம் செய்யும் விண்டோசின் பிட்லாக்கர் இருக்கிறதா, அதன் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்கிறதா? விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவும்போது வன்தட்டைத் தாமாகவே குறியாக்கம் செய்துவிடுகின்றன. பூட் வரிசையிலோ செக்யூர் பூட்டிலோ கை வைத்தால், யாரோ கணினியைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து அது அந்த எண்ணைக் கேட்கும். எண் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எண்ணும் இல்லை, அந்தக் கணக்குக்குள் போகவும் வழியில்லை என்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லா விபத்துகளிலும் திரும்பி வர வழியில்லாதது இது ஒன்றுதான்.

அக்கா மகனிடமும் கேட்டேன். எண் இருந்தது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் எடுத்து ஒரு தாளில் எழுதச் சொன்னேன். வரிசையை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் விண்டோசில் மணி பிற்பகல் மூன்றரை என்று காட்டுகிறது என்றான். சிரித்துவிட்டேன். தாய்ப்பலகைக் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். நம் நாட்டில் இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். முன்பு இதைச் சரிசெய்து வைத்திருந்த விண்டோஸ் அமைப்பு, புதிய நிறுவலில் போய்விட்டது. உபுண்டுவுக்குள் போய் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்லிவிடு என்று வழி சொன்னேன்.